அக்காவின் பன்றிகளுக்கு வராத ஊசி

"என் புள்ளைங்க ரத்தத்த இஸ்துகினு போயி இன்னாடா பண்ற, பொரியலா?"

அக்கா ஒவ்வொரு முறையும் இதைக் கேட்பாள். நான் குனிந்து, பன்றியின் கழுத்தில் ஊசியை இறக்கி, குழாய் நிறையும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துக் கேட்பாள். சிரித்தால் கை ஆடும். ஆடக்கூடாது. அவளுக்கு அது தெரியும்.

எண்ணூரில் கால்வாய்க்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஒரு நீண்ட துண்டு நிலம். யாருடையது என்று யாரும் கேட்காத நிலம். தகரமும் பழைய படகுப் பலகையும் வைத்து அடித்த பட்டிகள் அங்கே வரிசையாக இருந்தன. கடைசிப் பட்டி அக்காவுடையது. பாதியாக அறுத்த ஒரு ஃபைபர் படகுதான் அவள் பன்றிகளுக்குத் தீவனத் தொட்டி. காற்று திரும்பினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து பன்றிகளின் முதுகில் படியும். கறுத்த பன்றிகள் நரைத்துப்போய் நிற்கும். அக்கா வாளித் தண்ணீரை வீசியடிப்பாள். ஒரே வீச்சில் எல்லாவற்றுக்கும் வயது குறையும்.

மச்சான் இறந்த பிறகு அவளுக்கு மிஞ்சியது மகளும் பன்றிகளும். மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும், பிறகு நர்ஸ் படிப்பு படிக்க வைத்ததும் பன்றிகள்தான். இதை அக்கா மறைத்ததில்லை. "எங்க வூட்டு மகாலட்சுமி நாலு கால்ல நடக்கும்" என்பாள், கழுத்தில் சிலுவை ஆட.

பட்டியில் மூத்தவளுக்குப் பெயர் பெரியவ. அதுவும் பெயர் அல்ல, முறை. மற்ற பன்றிகளுக்கு மூக்கில் கயிறு போட்டு ஆள் பிடிக்க வேண்டும். பெரியவளுக்கு வேண்டாம். அக்கா அவள் முன்னால் குந்தி, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தால் போதும். தண்ணி லாரி வராதது, முட்டி வலி, மகள் செல்போனில் யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டே இருப்பது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பெரியவ நிற்பாள். நான் ரத்தம் எடுத்து முடித்திருப்பேன்.

அந்த ரத்தம் எங்கள் ஆய்வகத்துக்கு. நான் வேலை பார்ப்பது ஒரு சிறிய தனியார் ஆய்வகம். டோல்கேட்டில் பஸ் பிடித்தால், மணலியின் டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, அந்த நாற்றம் முடிகிற இடத்துக்கும் அப்பால் போய் இறங்க வேண்டும். பன்றி ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்துக் கண்ணாடிப் புட்டியில் உயிரோடு வைத்திருப்பது என் வேலை. என்னைப்போல் கவிதையும் எழுதுகிறவனுக்கு ஏற்ற வேலைதான். நாள் முழுக்க வெளியே தெரியாத ஒன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ரத்தம் எடுக்கிற அன்று ஆய்வகத்துக்குள் கால் வைக்கக் கூடாது. வாசலிலேயே பெட்டியைக் கொடுத்துவிட்டு வீடு போய், துணியைக் கொதிநீரில் போட்டு, தலையோடு குளிக்க வேண்டும். பட்டிக்குள் நுழையும்போதும் அதே கதை. செருப்பை மருந்துத் தண்ணீரில் நனைக்காமல் நான் உள்ளே போனதில்லை. அக்கா பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"கோயிலுக்குள்ள கூட நீ இவ்ளோ சுத்தமா போனது இல்லியேடா."

நாங்கள் தேடியது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி. மனிதனை அது ஒன்றும் செய்யாது. பன்றியை விடாது. பழைய பன்றிக் காய்ச்சல் ஒன்று உண்டு. அதற்கு ஊசி உண்டு. அக்காவின் பன்றிகள் அதைப் போட்டுக்கொண்டவை. இது வேறு. இதை விளக்கியபோது அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"அதே பேரு, வேற வியாதியா? பேஜாரா கீதே."

"ஆமாக்கா. போட்ட ஊசி இதுக்குக் கேக்காது."

"அப்ப இதுக்கு ஊசி?"

"அதுக்குத்தான் உன் பெரியவகிட்ட வந்து நிக்கிறோம்."

உடம்புக்குக் காவல் நிற்கும் அணுக்கள் உண்டு. திருடனைக் கண்டால் விழுங்கிவிடும் அணுக்கள். இந்த வைரஸ் வேறெங்கும் போவதில்லை, நேராக அந்தக் காவல்காரனுக்குள் போய்க் குடியேறுகிறது. அதனால் தடுப்பூசிக்காரனுக்கும் அந்தக் காவல்காரன்தான் வேண்டும். ஆரோக்கியமான பன்றியின் காவல் அணுக்களைப் பிரித்து, உறையவைத்து, வேறு மாநிலத்துக்கு அனுப்புவோம். உயிருள்ள வைரஸ் அங்கேதான், காற்றைக்கூட வடிகட்டி வெளியே விடுகிற கட்டடத்தில் பூட்டி இருந்தது. அங்கே அதை நாங்கள் அனுப்பிய அணுக்களின் மேல் வளர்த்து வளர்த்து, வீரியத்தைக் குறைத்து, அதன் பல்லைப் பிடுங்கப் பார்த்தார்கள். அதிகம் பிடுங்கினால் அது பன்றியின் உடம்புக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்காமலே கடந்துபோனது. குறைவாகப் பிடுங்கினால், சில காலம் சாதுவாக இருந்துவிட்டுத் திரும்பக் கடித்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு மெல்லிய இடம் இருக்க வேண்டும். நான் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கத்தில் அதன் மேல் நடந்திருக்கிறேன். விழுந்துமிருக்கிறேன்.

"ஊசி வந்தா மொத ஊசி பெரியவளுக்கு. சொல்ட்டேன்" என்றாள் அக்கா.

"சரிக்கா."

"டாக்டரம்மா கிட்டயும் சொல்ட்டேன்னு சொல்லு."

எங்கள் ஆய்வகத்தின் தலைவியைத்தான் அவள் டாக்டரம்மா என்பாள். ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கண்டிப்பா" என்றார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஊசி வரும்வரை ஒரே காவல், தீவனத்தைக் கொதிக்க வைப்பது. நோய்ப்பட்ட பன்றியின் கறித்துணுக்கு பச்சையாக ஒரு தொட்டியில் விழுந்தால் போதும், பட்டி முழுக்கப் போய்விடும். அக்காவின் பன்றிகளுக்குத் தீவனம் ஓட்டல் மிச்சம். தினம் மீன்பாடி வண்டியில் போய் எடுத்து வருவாள். தண்டையார்பேட்டையில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் ஒரு பாய் அவளுக்காகவே ஒரு டிரம் ஒதுக்கியிருந்தார்.

"யம்மா, டிரம்மு அங்க கீது. நீ அத எங்க எட்த்துகினு போறன்னு நான் கேக்கல. நீ சொல்லவும் கூடாது."

"செடிக்கு ஒரம் பாய்."

"ஆங். நேத்து ரயில்ல வந்தேன். உன் செடிங்கோ நல்லா உறுமுதுங்கோ."

வந்த மிச்சம் எதுவானாலும், பெரிய அண்டாவில் கொட்டி, உடைந்த பெட்டிப் பலகைகளை எரித்து, தளதளவென்று கொதித்த பிறகே தொட்டிக்குப் போகும். நான் சொல்லிக் கொடுத்ததை என்னைவிடக் கறாராகச் செய்தாள். மழையில் விறகு நனைந்த ஒருநாள், கொதிக்காத மிச்சத்தைக் கால்வாயில் கொட்டிவிட்டுப் பன்றிகளைப் பட்டினி போட்டாள். அன்று முழுக்கப் பெரியவ கத்தினாள், அக்கா பதிலுக்குக் கத்தினாள், ரயிலில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு கல்யாணம் வந்தது.

செல்போனில் கிசுகிசுத்தவனே மாப்பிள்ளை. ராயபுரத்தில், கோயிலில் தாலி; எண்ணூரில், பந்தலில் விருந்து. விருந்தில் பன்றிக்கறி இல்லாமல் எங்கள் சனம் எழுந்திருக்காது. ஆனால் பன்றி வளர்க்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தன் பட்டிப் பன்றியைத் தன் வீட்டு விசேஷத்துக்கு அறுக்கமாட்டார்கள். விற்பார்கள், விற்றதை யார் தின்றாலும் கவலையில்லை, தாங்கள் தின்னமாட்டார்கள்.

"நம்ம கையால சோறு போட்டு வளத்தத நாமளே எப்டிடா துன்றது?" என்பாள் அக்கா. "வயித்துக்குள்ள போயி உறுமாது?"

அதனால் பட்டி நிறைய பன்றி வைத்துக்கொண்டு, கறியை வெளியே வாங்கினாள். எங்கிருந்தோ லாரியில் வந்திறங்கிய பன்றிகளின் கறி. பந்தலுக்குப் பின்னால் சமையல்காரர்கள் அதைக் கழுவி வெட்டினார்கள். தோல், சவ்வு, கழித்த துண்டு, கழுவிய தண்ணீர் எல்லாம் ஒரு வாளியில் சேர்ந்தது. விருந்து முடிந்து இலையை வழித்துப் போட்ட சோறும் குழம்பும் ஒரு டிரம்மில் சேர்ந்தது. யாரோ வாளியை டிரம்மில் கவிழ்த்தார்கள். கல்யாண வீட்டில் யார் எதைக் கவிழ்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும்.

நான் அப்போது முன்பக்கம் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஐஸ்கிரீம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பெண் கிளம்புகிற நேரம். அந்த வரிசை வீடுகளில், கிளம்புகிற பெண் பன்றிகளுக்குத் தன் கையால் ஒருவேளை தீவனம் போட்டுவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். "உன்ன படிக்க வெச்சவங்களுக்குச் சொல்ட்டுப் போடி" என்று, டிரம்மிலிருந்து மொண்ட வாளியை அக்கா நீட்டினாள். அண்டா காலியாக இருந்தது, அடுப்பு அணைந்திருந்தது. இதையும் கொதிக்க வைக்கணுமே என்று யாரோ கேட்டதும் அக்கா சிரித்ததும் வீடியோவில் இருக்கிறது: "விருந்து சோறுடி, வெந்தது தான! வெந்தத இன்னொரு தபா வேவ வெச்சி இன்னா பண்ண?"

என் மருமகள் கூறைப்புடவையை முழங்கால்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வளையல் குலுங்க, வாளியைப் படகுத் தொட்டியில் சரித்தாள். மாப்பிள்ளையின் தோஸ்து ஒருவன் கத்தினான்:

"மச்சி, நல்லா பாத்துக்கோ! நாளிக்கி உனக்கும் இப்டித்தான் வாளியில வரும்!"

எல்லோரும் சிரித்தோம்; அணைந்த அடுப்பு என் கண்ணிலும் படவில்லை. பெரியவ எல்லோரையும் முட்டித் தள்ளி முதல் வாய் வைத்தாள். மருமகள் அவள் தலையில் கை வைத்து அழுதாள். அந்த அழுகையைப் பார்த்துப் பந்தலில் பாதிப்பேர் அழுதோம்.

பிறகு ஒரு காலையில் டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அக்கா போன் செய்தாள்.

"தம்பி, பெரியவ சாப்டல."

"வயிறு கியிறு சரியில்லாம இருக்கும்."

"எய்ந்துக்கவே இல்லடா. ஒடம்பு கொதிக்குது." கொஞ்சம் நிறுத்தினாள். "காது நாவப்பழம் மாறி கீது."

பஸ் வந்தது. கதவு திறந்தது. கண்டக்டர் ஏதோ திட்டினார். நான் ஏறவில்லை. காது நாவல்பழ நிறத்துக்கு வந்தால் அது என்ன என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், படங்களில் பார்த்திருக்கிறேன், வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அக்காவின் வாயிலிருந்து அது வரும் என்று மட்டும் நினைத்ததே இல்லை.

அரசு கால்நடை மருத்துவர் வந்து ரத்தமும் சளியும் எடுத்து அனுப்பினார். முடிவு வருவதற்குள் பெரியவ போய்விட்டாள். மூக்கில் ரத்தம் வழிய, தலையை அக்காவின் மடிப்பக்கம் நீட்டியபடி. முடிவு வந்தது. அதுதான்.

பிறகு நடந்தது சட்டப்படி நடந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அக்காவின் பட்டியில் மட்டுமல்ல, அந்த வரிசையில் இருந்த எல்லாப் பட்டிகளிலும், நின்றது, நடந்தது, பால் குடித்துக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் கொன்று புதைக்க வேண்டும். வெள்ளை உடையில் முகம் தெரியாமல் ஆட்கள் வந்தார்கள். ஜேசிபி குழி தோண்டியது. சுண்ணாம்பு மூட்டைகள் இறங்கின. மருத்துவர் பெட்டியைத் திறந்து பெரிய ஊசிகளை அடுக்கினார். அக்கா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இவ்ளோ பெரிய ஊசியெல்லாம் கைல கீதே. அந்தச் சின்ன ஊசி ஒண்ணு இல்லியாடா?"

 அவள் பதிலுக்காக நிற்கவில்லை. எழுந்து போய், ஒவ்வொரு பன்றியின் முன்னாலும் குந்தி, காதைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். கயிறு தேவைப்படவில்லை. வெள்ளை உடைக்காரர்களில் ஒருவர் முகமூடிக்குள் அழுவது கண்ணாடியில் ஆவி படிந்ததில் தெரிந்தது.

அடுத்த பட்டிக்காரி, அக்காவோடு ஒரே வண்டியில் மிச்சம் எடுக்கப் போகிறவள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

"உன் வூட்ல கல்யாணம், எங்க வூட்ல எழவாடி? எந்த நேரத்துல பந்தல் போட்ட நீ!"

அக்கா திரும்பாமல் அடுத்த பன்றியின் காதைப் பிடித்தாள். 

மருத்துவர் கடைசியாக விசாரித்தார். என்ன தீவனம், எங்கிருந்து வந்தது, கொதிக்க வைத்ததா. அக்கா எதையும் மறைக்கவில்லை. கறி வாங்கிய இடம், வாளி, டிரம், அணைந்த அடுப்பு எல்லாம் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தையும் படித்துக்கொண்டிருந்தாள், அதுதான் காரணமா, அதுதான் காரணமா என்று. என் முகம் சொல்லிவிட்டது.

"தொட்டியில போட்டது யாரும்மா?"

"நான்தான் சார்" என்றாள் அக்கா. "வேற யாரு போடுவா? நான்தான்."

மருத்துவர் எழுதிக்கொண்டார். எங்கிருந்து வந்தது என்பதுதான் அவருக்கு வேண்டும், எந்தக் கை போட்டது என்பது அல்ல. அவர் போனதும் அக்கா என் சட்டையைப் பிடித்தாள்.

"அவளுக்குத் தெரியக் கூடாது. இன்னா? கல்யாணத்தன்னிக்கி அவ கையால போட்டதுன்னு அவளுக்குத் தெரிஞ்சா, அவ எப்டிடா வாழுவா? எந்தக் கையால புருசனுக்குச் சோறு போடுவா? உன் ஊசிய விடு. உன் டாக்டரம்மாவ விடு. எனக்கு இத மட்டும் பண்ணு."

பண்ணுகிறேன் என்றேன்.

பட்டிக்குப் போய் வந்தவன் என்பதால் ஆய்வகத்துக்குள் நான் சில வாரம் நுழையக் கூடாது. ஆய்வகத்துக்கும் போக முடியாமல், அக்காவின் முகத்தைப் பார்க்கவும் முடியாமல், திருவொற்றியூர் கடற்கரையில் கருங்கல் குவியல்மேல் உட்கார்ந்து கிடந்தேன். கவிதை வரிகள் வந்தன. எதையும் எழுதவில்லை.

திரும்பிப் போன அன்று டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்வது அவர் வழக்கமல்ல.

"உங்க அக்காவோட மூத்த பன்றியோட அணுக்கள், உறைநிலையில நம்மகிட்ட இன்னும் இருக்கு. அந்த வேற மாநில ஆய்வகத்துலருந்து கேக்கறாங்க. அதுல வளந்த வைரஸ்தான் இதுவரைக்கும் நல்லா அடங்கியிருக்காம். அனுப்பலாமா? உங்களுக்குக் கஷ்டம்னா வேற பன்றி பாக்கலாம்."

அன்று மாலை அக்காவிடம் போனேன். காலியான பட்டிக்கு முன்னால், கழுவுவதற்கு எதுவும் இல்லாமல், தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பெரியவளோட ரத்தத்துல கொஞ்சம் இன்னும் உயிரோட இருக்கு."

கை நின்றது. "எங்க?"

"எங்க ஆய்வகத்துல. ஐஸ்ல. அத வேற ஊருக்குக் கேக்கறாங்க."

"எதுக்கு?"

பொய் சொல்ல யோசித்தேன். முடியவில்லை. "அந்த வியாதிய அது மேல வுட்டு வளப்பாங்க. அப்பத்தான் ஊசி கண்டுபுடிக்க முடியும்."

என்னைப் பார்த்தாள். "திரும்பியுமாடா?"

ரயில் ஒன்று போனது. அது முழுசாகப் போனதும் கேட்டாள்:

"வலிக்குமா?"

"இல்லக்கா. அது வெறும் அணு. அதுக்கு வலி தெரியாது."

"அதுவும் பெரியவதான். அவளுக்கு வலி தெரியும்" என்றாள். பிறகு, தொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அனுப்பு" என்றாள்.

அனுப்பினேன். புட்டிகளை என் கையால் அடுக்கி, என் கையால் மூடினேன். அதுவும் அங்கே ஒரு கட்டம்வரை நன்றாகப் போயிற்று, பிறகு போகவில்லை. சில பன்றிகள் பிழைத்தன. சில பிழைத்ததுபோல் இருந்துவிட்டு விழுந்தன. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இன்றுவரை தொடங்கிக்கொண்டிருக்கிறோம்.

பட்டி காலியானதிலிருந்து மகளை ஏதேதோ சொல்லி வரவிடாமல் வைத்திருந்தாள் அக்கா. நான் புட்டிகளை அனுப்பிய சில நாளிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்துவிட்டாள். பன்றிகள் போன செய்தி போனில் தெரியும். பட்டியைப் பார்த்தது அப்போதுதான். சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எப்டிமா வந்துச்சாம்?"

"காத்துல வந்துச்சாம்" என்றாள் அக்கா, வெங்காயம் அரிந்தபடி. "கடக்காத்துல. டாக்டரே சொல்ட்டாரு."

மருமகள் என் பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். எந்த நோய் எப்படித் தொற்றும் என்று படித்துப் பரீட்சை எழுதியவள்.

"மாமா, இது காத்துல வருமா?"

கடற்காற்றில் ஊர்விட்டு ஊர் வராது. இந்த நகரத்தில் அதை அடித்துச் சொல்லக்கூடியவர்களில் நானும் ஒருவன். அக்காவின் கத்தி வெங்காயத்தின்மேல் அப்படியே நின்றது.

"வரும்மா" என்றேன். "காத்துலதான் வந்துச்சு."

கத்தி மறுபடி ஓடியது. சாப்பிட்டோம். அக்கா மகளுக்கு மீன்தலையை வைத்தாள். மூவரும் நிறையப் பேசினோம். மாப்பிள்ளையின் குறட்டையைப் பற்றி மருமகள் நடித்துக் காட்டினாள், அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ரயிலேற்றிவிட நான் போனேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்ததும் மருமகள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, உனக்குப் பொய் சொல்ல வரல."

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

"பன்னிங்க போச்சுன்னு கேட்ட அன்னிக்கே கல்யாண வீடியோவப் போட்டுப் பாத்தேன். வாளிய நிறுத்திப் பாத்தேன். சோத்துல வெள்ளையா தோலு கீது. பச்சத் தோலு." மூக்கை உறிஞ்சினாள். "அம்மாக்கு நான் நம்புனதாவே இருக்கட்டும். காத்துல வந்துச்சுன்னு சொல்ல அது எவ்ளோ நாளு ஒத்திக பாத்துச்சோ. நீ வேணா எங்கனா எழுதிக்க. அது ஒண்ணும் படிக்கப் போறதில்ல."

தூரத்தில் வண்டி தெரிந்தது. அவள் எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, மீன்கூடைக்காரிகளுக்கு நடுவில் போய் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள். நர்ஸாக இல்லாமல், சின்னப் பெண்ணாக, பட்டி வாசலில் வாளியோடு நிற்பவளாக என்னிடம் கேட்டாள்:

"மாமா, உங்க ஊசி மட்டும் அப்போ வந்துருந்தா, நான் போட்டதத் துன்னுட்டும் பெரியவ பொழச்சிருப்பா இல்ல?"

"பொழச்சிருப்பா கண்ணு" என்றேன்.

வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போனது. நான் சொன்னது பொய்யா இல்லையா என்று எங்கள் ஆய்வகத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது.